மைக்கை யார் கையில் கொடுப்பது?

(இதழியல் மாணவர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1960ஆம் ஆண்டு ஜெரமி சாண்ட்ஃபோர்டு என்ற ஆங்கில எழுத்தாளர் பிபிசி வானொலிக்காக ஓர் ஆவண நிகழ்ச்சி செய்தார். லண்டனில் வீடிழந்த குடும்பங்களைப் பற்றிய நிகழ்ச்சி அது. தெற்கு லண்டனில் நியூவிங்டன் லாட்ஜ் என்றொரு கட்டடம் இருந்தது. ஒரு காலத்தில் ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதி. வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்ட தாய்மாரையும் குழந்தைகளையும் அங்கே தங்கவைத்திருந்தார்கள். கணவன்மாருக்கு உள்ளே இடமில்லை. அவர்கள் எங்கேயாவது படுத்துக்கொள்ள வேண்டியதுதான். நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. பெரிய சலனம் ஒன்றும் எழவில்லை.

ஆறு ஆண்டு கழித்து அதே மனிதர் அதே செய்தியைத் தொலைக்காட்சி நாடகமாக எழுதினார். கென் லோச் இயக்கினார். பெயர் ‘கேத்தி கம் ஹோம்’. 1966 நவம்பர் 16 அன்று ஒளிபரப்பான அந்த நாடகத்தை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். பிரிட்டனின் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. கடைசிக் காட்சியில் ஒரு ரயில் நிலையத்தில் வைத்து கேத்தியிடமிருந்து குழந்தைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் அதிகாரிகள். நாடே அழுதது.

வானொலியால் முடியாதது தொலைக்காட்சியால் முடிந்தது, ஆகவே ஒலியைவிடக் காட்சிக்கு வலிமை அதிகம் என்று நீங்கள் முடிவு கட்டலாம். நான் அப்படிக் கட்டமாட்டேன். அழுத பிறகு என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

அந்த நாடகத்தால்தான் ‘ஷெல்டர்’ என்ற தொண்டு நிறுவனம் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. புரூஸ் கென்ரிக் என்ற பாதிரியாரும் மற்றவர்களும் ஷெல்டருக்கான ஏற்பாடுகளை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். 1966 டிசம்பர் 1 அன்று, நாடகம் வந்து இரண்டே வாரத்தில், அது தொடங்கப்பட்டது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயலால் பணம் கொட்டியது என்பது உண்மை. அடுத்த ஆண்டு ‘க்ரைசிஸ்’ என்ற இன்னொரு அமைப்பும் வந்தது. இரண்டும் இன்றும் இயங்குகின்றன. சட்டம் வருவதற்கு மட்டும் 11 ஆண்டு பிடித்தது. 1977இல் ஸ்டீபன் ராஸ் என்ற லிபரல் கட்சி உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவால்தான், வீடிழந்த குடும்பத்துக்கு இடம் கொடுப்பது உள்ளாட்சியின் கடமை என்று எழுத்தில் வந்தது. குடும்பத்தைப் பிரிக்காமல் வைக்க வேண்டும் என்பதும் அதில்தான் வந்தது.

அந்தச் சட்டத்திலும் இரண்டு பொறிகள் இருந்தன. முதலாவது, முன்னுரிமை. குழந்தை உள்ளவர், கர்ப்பிணி, முதியவர், உடல்நலம் குன்றியவர் என்றால் கடமை இருந்தது. தனியாக நிற்கும் ஆணுக்கு இல்லை. இரண்டாவது, வீட்டை இழந்தது உன் சொந்தச் செயலால்தான் என்று அதிகாரி தீர்மானித்துவிட்டால் கதவு சாத்தப்படும். வாடகை பாக்கி வைத்தது உன் குற்றமா, உன் கூலியின் குற்றமா என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான் முடிவு செய்வார். இந்த இரண்டு வரிகளுக்காக எந்த நாடகமும் எடுக்கப்படவில்லை. யாரும் அழவுமில்லை. ஆனால் லட்சக்கணக்கானோர் தெருவில் நிற்பதா, கூரைக்குக் கீழ் இருப்பதா என்பதை இந்த இரண்டு வரிகள்தான் தீர்மானித்துவந்தன.

இன்று நான் பேச வந்த பொருள் பாட்காஸ்ட். தொண்டு நிறுவனங்கள், அரசு வீடுகள், வீடற்ற மனிதர்கள் பற்றி ஆங்கிலத்தில் வரும் பாட்காஸ்ட்களைச் சில காலமாகக் கேட்டுவருகிறேன். அழவைக்கும் கதையைவிட அந்த இரண்டு வரிகளைத் தேடிப்போகும் நிகழ்ச்சிகள்தான் காதில் நிற்கின்றன. அதைச் சொல்லத்தான் சாண்ட்ஃபோர்டில் தொடங்கினேன்.

ஒலிக்கும் தர்மத்துக்கும் உள்ள உறவு பழையது. லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தின் ஓரத்தில் செயின்ட் மார்ட்டின் தேவாலயம் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது டிக் ஷெப்பர்டு என்ற குரு, போர்முனையிலிருந்து வந்திறங்கும் சிப்பாய்கள் படுத்து எழுந்து போகட்டும் என்று கோயிலைத் திறந்துவிட்டார். 1924 ஜனவரியில் பிபிசி தன் முதல் தேவாலய ஆராதனையை ஒலிபரப்பியது அங்கிருந்துதான். வீடற்றவர்களுக்காக கிறிஸ்துமஸ் தோறும் வானொலியில் நிதி கேட்கும் வழக்கமும் 1920களில் அங்கேதான் தொடங்கியது, இன்றுவரை நடக்கிறது. ஷெல்டர் தொடங்கப்பட்டதும் அதே கோயிலில்தான். நூறு ஆண்டாக ஒரு குரல் கேட்கிறது, கேட்டவர் காசு அனுப்புகிறார். நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் இந்த மரபிலிருந்து ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிட்டது. பல தொண்டு நிறுவனங்கள் இப்போது தாங்களே பாட்காஸ்ட் நடத்துகின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒரே சட்டகம். வீடிழந்த ஒருவர் வருவார். குடி, கடன், மணமுறிவு, தெரு. பிறகு நிறுவனத்தின் கை நீளும். பிறகு ஒரு சாவி. நன்றி. அவர் குரல் தழுதழுக்கும் இடத்தில் பின்னணியில் பியானோ நுழையும். பியானோ இல்லாமல் ஒரு மனிதன் அழக்கூடாதா என்று எனக்குக் கோபமே வரும். இந்த நிகழ்ச்சியில் வாடகை என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த வீட்டின் சொந்தக்காரர் யார், உள்ளாட்சி மன்றமான கவுன்சில் எத்தனை முறை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது, அந்தத் தொண்டு நிறுவனமே அதே கவுன்சிலிடம் ஒப்பந்தப் பணம் வாங்குகிறதா, எதுவும் வராது. நன்கொடை கேட்கும் நிகழ்ச்சியில் அரசைக் கடிந்து பேசினால் நாளைக்கு ஒப்பந்தம் கிடைக்காது. அது அவர்கள் நெருக்கடி. கேட்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொஞ்சம் வரலாறு சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் பிரிட்டனில் ‘கவுன்சில் வீடு’ என்பது நம் ஊரில் நாம் நினைக்கும் குடிசைமாற்று வீடு போல ஏழைக்கு மட்டும் என்று பிறந்ததல்ல. 1919இல் அடிசன் சட்டம் வந்தது. போரிலிருந்து திரும்பிய தொழிலாளிக்கு நல்ல வீடு வேண்டும் என்று உள்ளாட்சிகள் பெருமளவில் கட்டத் தொடங்கின. இரண்டாம் போருக்குப் பின் மருத்துவரும் கசாப்புக் கடைக்காரரும் ஒரே தெருவில் குடியிருக்க வேண்டும் என்று கனவு கண்டார் அமைச்சர் அனியூரின் பெவன். பிறகு 1980. மார்கரெட் தாட்சர் அரசு, குடியிருப்பவரே கவுன்சில் வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றது. வாங்கியவர்களுக்கு நல்லதுதான். இங்கிலாந்தில் மட்டும் 20 லட்சத்தை ஒட்டிய வீடுகள் அப்படிக் கைமாறின. ஆனால் விற்ற பணத்தில் புது வீடு கட்டுவதற்குக் கவுன்சில்களுக்குக் கடிவாளம் போட்டார்கள். விற்றது விற்றதுதான். இன்று இங்கிலாந்தில் சமூக வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் சுமார் 13 லட்சம் குடும்பங்கள். தற்காலிகத் தங்குமிடங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 1983க்குப் பிறகு லண்டன் போய்ச் சேர்ந்த ஈழத்துக் குடும்பங்கள் பலவும் இப்படிப்பட்ட தங்குமிட அறைகளையும் கவுன்சில் மாடிகளையும் கடந்துதான் வந்தன. அந்தத் தலைமுறை அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். யாராவது ஒரு பேத்தி உட்கார்ந்து பதிவு செய்தால் தேவலை.

இனி கிரென்ஃபெல்.

2017 ஜூன் 14 அதிகாலை, மேற்கு லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் கவுன்சில் கட்டடம் எரிந்தது. நாலாவது மாடியில் ஒரு சமையலறையில் ஃபிரிட்ஜில் பிடித்த தீ. சாதாரணமாக அந்த அறையோடு அணைந்திருக்க வேண்டியது. ஆனால் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஓராண்டுக்கு முன்புதான் அலங்காரப் பலகை பொருத்தியிருந்தார்கள். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன். அது தீயை உச்சிவரை ஏற்றிக்கொண்டு போனது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மக்களுக்குச் சொல்லப்பட்டது. 72 பேர் இறந்தார்கள்.

அங்கே குடியிருந்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். பெரிய விபத்து நடந்தால்தான் நிர்வாகத்தின் லட்சணம் வெளியே தெரியும் என்று அதற்கு முந்தைய நவம்பரிலேயே குடியிருப்போர் குழு ஒன்று இணையத்தில் எழுதியிருந்தது. அப்படி எழுதியவர்களை நிர்வாகம் கலகக்காரர்களாகத்தான் பார்த்தது என்று பிறகு விசாரணை அறிக்கையே சொன்னது.

ஓய்வுபெற்ற நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையில் விசாரணை ஆண்டுக்கணக்கில் நடந்தது. இதை பிபிசி 2018 முதல் பாட்காஸ்டாகத் தொடர்ந்தது. பின்னாளில் அதன் குரலாக இருந்தவர் கேட் லாம்பிள். விசாரணையில் என்ன கேட்கப்பட்டது, யார் என்ன பதில் சொன்னார் என்று சுருக்கித் தருவது. இதில் நாடகம் இல்லை. பியானோ நிச்சயமாக இல்லை. ஒரு நாள் முழுக்கக் காப்புப் பொருளின் தீச்சோதனை முறை பற்றி. இன்னொரு நாள் மின்னஞ்சல்கள். துத்தநாகப் பலகைக்குப் பதிலாக மலிவான பலகையைப் போட்டால் 3 லட்சம் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமாகும் என்ற கணக்கு. வடிவமைத்த நிறுவனம் ஒப்பந்ததாரரைக் கைகாட்ட, ஒப்பந்ததாரர் துணை ஒப்பந்ததாரரைக் கைகாட்ட, அவர் கட்டட ஆய்வாளரைக் கைகாட்ட, ஆய்வாளர் எனக்கு வேலைப்பளு என்று சொல்ல. காது புளிக்கும் அளவுக்கு அலுப்பு. அந்த அலுப்புத்தான் அதன் மதிப்பு. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டதால் 72 பேர் செத்தார்கள் என்பதைப் பத்து நிமிடக் காணொளியில் சொன்னால் அது வெறும் வசனம். ஆண்டுக்கணக்கில், ஆள் ஆளாக, கையெழுத்துக் கையெழுத்தாகக் கேட்டால் அது சாட்சியம்.

2018 மே மாதம் விசாரணையில் சில நாள்கள் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கே ஒதுக்கப்பட்டன. ஒவ்வொருவராக வந்து, போனவர் எப்படிச் சிரிப்பார், என்ன சமைப்பார் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் பலகைக் கணக்கு. இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் மனிதர், பிறகு காகிதம். அந்த மனிதர்களைக் கேட்டிருந்ததால்தான் காகிதத்தை இத்தனை காலம் பொறுமையாகக் கேட்க முடிந்தது. 2024 செப்டம்பர் 4 அன்று இறுதி அறிக்கை வந்தது. 72 சாவுகளும் தவிர்த்திருக்கக்கூடியவை என்றது. பொருள் விற்ற நிறுவனங்களின் நேர்மையின்மையையும், அரசுத் துறைகளின் பல்லாண்டு மெத்தனத்தையும் பெயர் சொல்லி எழுதியது. ஏறத்தாழ 1,700 பக்கம். அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பாத்திரம் தேய்த்துக்கொண்டே, பேருந்தில் போய்க்கொண்டே அதன் சாரத்தைக் கேட்டவர்கள் பல மடங்கு இருப்பார்கள்.

இதே கிரென்ஃபெல்லை முற்றிலும் வேறு வழியில் தொட்டவர் ஜார்ஜ் தி பொயட். உகாண்டாவிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. வடமேற்கு லண்டனில் செயின்ட் ரஃபேல்ஸ் என்ற கவுன்சில் குடியிருப்பில் வளர்ந்தவர். 2018இல் ‘ஹேவ் யூ ஹர்ட் ஜார்ஜ்ஸ் பாட்காஸ்ட்?’ தொடங்கினார். எதுகை மோனையோடு பேசுவார், நடுவில் நாடகம் வரும், இசை வரும். அமெரிக்காவின் பீபடி விருதும் கிடைத்தது. (லண்டனில் ஏழைகளுக்கு வீடு கட்டிய பீபடி அறக்கட்டளையின் பீபடி வேறு, இந்த விருதின் பீபடி வேறு. இருவருமே ஜார்ஜ், இருவருமே அமெரிக்கப் பணக்காரர்கள், குழப்பிக்கொள்ளாதவர் இல்லை.) ஜார்ஜின் நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்தது, அவர் குடியிருப்பை விளக்கிச் சொல்ல வெளியாள் போல வருவதில்லை. அந்த மாடிப்படி அவருடையது. அங்கே நடக்கும் வேடிக்கையும் வன்முறையும் அவருடையவை. எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுங்கள் என்று ஓர் இடத்திலும் அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கடலைத் தாண்டி கலிஃபோர்னியாவுக்குப் போவோம். 2020 இறுதியில் கேட்டி மிங்கிள் என்ற வானொலிச் செய்தியாளர் ‘அக்கார்டிங் டு நீட்’ என்ற தொடரை வெளியிட்டார். களம், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஓக்லாந்து. வீடில்லாத ஒருவர் உதவி கேட்டால் அந்த ஊரில் சரியாக என்ன நடக்கும் என்பதே அவருடைய கேள்வி. எவ்வளவு எளிய கேள்வி! ஆனால் இதைக் கடைசிவரை கேட்டவர்கள் குறைவு.

என்ன நடக்கும்? முதலில் 211 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பிறகு ஒரு வினாத்தாள். எத்தனை முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனீர்கள், சிறைக்குப் போனீர்களா, யாராவது அடித்தார்களா, மனநலம் எப்படி. பதிலுக்கு மதிப்பெண். அதிகமாகச் சீரழிந்தவருக்கு அதிக மதிப்பெண், அவருக்கு முன்னால் வீடு. இரக்கமுள்ள ஏற்பாடு போலத் தோன்றும். யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே காரில் தூங்கும் ஒரு தாய்க்கு மதிப்பெண் போதாது. இன்னும் கொஞ்சம் நோயாளியாகு, அப்புறம் வா என்பதுதான் அதன் பொருள். அறிமுகமில்லாத ஊழியரிடம் தன் வாழ்க்கையின் அவமானங்களை மறைக்காமல் சொல்பவருக்கு வீடு. கௌரவமாக வாயை மூடிக்கொள்பவருக்கு இல்லை. அமெரிக்காவின் பல நகரங்களில் புழங்கிய அப்படிப்பட்ட வினாத்தாள் ஒன்றை வடிவமைத்தவர்களே 2020இல் அதைக் கைவிடப் போவதாக அறிவித்தார்கள். கறுப்பினத்தவருக்கு அது குறைவான மதிப்பெண் தருகிறது என்ற விமர்சனம் வலுத்திருந்தது. மதிப்பெண் முறை கொடுமையானதா என்று கேட்டால், வீடு போதுமான அளவு இருந்தால் மதிப்பெண்ணே தேவைப்படாது என்பதுதான் பதில். பத்து வீட்டுக்கு ஆயிரம் பேர் நிற்கும்போது எந்த வினாத்தாளும் அநியாயமாகத்தான் இருக்கும். மிங்கிளின் தொடரைக் கேட்டு முடிக்கும்போது ஓர் ஊழியர்மீதும் கோபம் வராது. அந்த ஏற்பாட்டின்மீது வரும். செய்தியாளர்கள் அதை ஒரு பாடமாகவே வைத்துக் கேட்கலாம்.

இப்போது, இந்த உரையின் தலைப்புக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சலஸில் தியோ ஹெண்டர்சன் என்றொருவர். ஆசிரியராக இருந்தவர். வீட்டை இழந்து, சைனாடவுன் பகுதிப் பூங்காவில் ஆண்டுக்கணக்கில் படுத்திருந்தவர். 2019இல், அந்தப் பூங்காவில் இருந்தபடியே, ‘வீ தி அன்ஹவுஸ்டு’ என்ற பாட்காஸ்டைத் தொடங்கினார். தெருவில் இருப்பவர்களை, தெருவில் வாழ்ந்த ஒருவரே பேட்டி எடுக்கிறார். அவர் கேட்கும் கேள்விகள் வேறு. நீங்கள் எப்படி இந்த நிலைக்கு வந்தீர்கள் என்று அவர் எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. நம்மிடம் யாராவது நீங்கள் எப்படி நடுத்தர வர்க்கமானீர்கள் என்று கேட்கிறார்களா? ராத்திரி எங்கே கழிப்பறை, கைபேசிக்கு எங்கே சார்ஜ், மாநகராட்சிக்காரர்கள் கூடாரங்களை அள்ளிக்கொண்டு போனபோது என்னென்ன போயிற்று, இவைதான் பேச்சு. போவது துணிமணி மட்டுமல்ல. அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, நீதிமன்றத் தாள். அடையாள அட்டை போனால் வீட்டு விண்ணப்பம் போயிற்று. ஆறு மாதக் காத்திருப்பு ஒரு காலை நேரக் குப்பை லாரியில் ஏறிவிடும். வெளியிலிருந்து போகும் செய்தியாளருக்கு இதைக் கேட்கவே தோன்றாது. கேட்டாலும் பதில் வராது.

2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூர் வழக்கில், பொது இடத்தில் படுத்து உறங்கினால் அபராதம் போடலாம், தங்குமிடம் இல்லை என்றாலும் போடலாம் என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சட்டப் பத்திரிகைகள் இதை அரசியல் சட்டத் திருத்தத்தின் பிரிவுகளைக் கொண்டு விளக்கின. ஹெண்டர்சன் போன்றவர்களின் நிகழ்ச்சியைக் கேட்டுப் பழகியவருக்கோ அந்தத் தீர்ப்பு எந்தப் பூங்காவில், எத்தனை மணிக்கு வந்து இறங்கும் என்பது தெரியும்.

ஒலியில் இன்னொரு வசதியும் உண்டு. முகம் தெரியாது. வீடிழந்ததை வேலையிடத்தில் மறைத்து வைத்திருப்பவர், அடிக்கும் கணவனிடமிருந்து ஓடிவந்தவர், பள்ளியில் பிள்ளைக்குக் கேலி வந்துவிடும் என்று பயப்படுபவர், இவர்களெல்லாம் கேமரா முன்னால் உட்கார மாட்டார்கள். மைக் முன்னால் பேசுவார்கள். ஆனால் குரலும் ஒரு முகம்தான். தெரிந்தவர் கேட்டால் அடையாளம் கண்டுவிடுவார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு, களைத்துப்போன நிலையில் ஒருவர் கொடுக்கும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

பாட்காஸ்ட் வீடு கட்டித் தருமா என்றால், தராது. இதில் எனக்கு மயக்கம் இல்லை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, சமூக வீடொன்றின் சுவரில் படர்ந்த பூஞ்சையால் 2020 டிசம்பரில் இறந்தான். தகப்பன் 2017லேயே புகார் கொடுத்திருந்தார். 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி காரணத்தைச் சொன்ன பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு நிறைவேறிய சட்டத்தில் அவன் பெயரால் ஒரு விதி வந்தது. 2025 அக்டோபர் முதல், அவசர ஆபத்து என்றால் சமூக வீட்டின் உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்த விதியைப் பெற்றுத் தந்தது அந்தப் பெற்றோரின் விடாப்பிடி, ஒரு வழக்கறிஞர் குழு, உள்ளூர்ச் செய்தித்தாள், ஒரு பிரச்சாரம். ஒலி நிகழ்ச்சிகள் பின்னால் வந்து சேர்ந்தன.

பாட்காஸ்ட்களுக்கு வெற்றிக் கதைமீது ஒரு மோகமும் உண்டு. ஃபின்லாந்து என்றால் போதும், மூன்று நிகழ்ச்சி வந்துவிடும். முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்ற கொள்கையை 2008 முதல் அந்த நாடு தேசிய அளவில் செயல்படுத்தியது, குடியை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது, எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. எல்லாம் உண்மை. ஆனால் 2024 கணக்கெடுப்பில், பத்தாண்டுக்கு மேலாகக் குறைந்துவந்த எண்ணிக்கை மறுபடி ஏறியிருக்கிறது. அந்த அரசு வீட்டு உதவித்தொகையிலும் சமூக வீடுகளுக்கான நிதியிலும் கை வைத்திருந்தது. இதற்கு நிகழ்ச்சி செய்தவர்கள் குறைவு. கொள்கை தோற்கவில்லை, பணம் குறைந்தது என்று சொல்வதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் கதை கெட்டுவிடுமே!

லண்டன், ஓக்லாந்து எல்லாம் சரி, நமக்கென்ன என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். லண்டனில் உலகின் முதல் கவுன்சில் குடியிருப்புகளில் ஒன்று என்று கொண்டாடப்படும் பவுண்டரி எஸ்டேட் 1900இல் திறக்கப்பட்டது. அதற்காக இடிக்கப்பட்ட சேரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 5,719 பேர். புது வீட்டுக்குத் திரும்பியவர்கள் 11 பேர். வாடகை கட்டுப்படியாகவில்லை. மற்றவர்கள் பக்கத்துச் சேரிகளில் போய் நெருக்கியடித்தார்கள். நம் ஊரில் குடிசைமாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பது பெருமையாகப் பேசப்பட்டது. 2000 வாக்கிலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்புக்கு மக்களை ஏற்றி அனுப்பினோம். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்காமார்கள் பழைய வேலைக்குப் போய்வர இப்போது எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்று ஒரு பதிவு வேண்டும். லட்சம் மக்கள்தொகைக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி 15 ஆண்டுக்கு மேலாகிறது. சென்னையில் எத்தனை, எங்கே, கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, பெண்ணும் ஆணும் குழந்தையுமாக வந்தால் என்ன செய்கிறார்கள்? நியூவிங்டன் லாட்ஜ் கேள்வி இங்கே இன்னும் பழசாகவில்லை.

உங்களில் யாருக்கும் ஸ்டுடியோ வேண்டாம். ஹெண்டர்சன் பூங்காவிலிருந்துதான் செய்தார். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் வளர்ந்த பிள்ளைகள் இந்த அறையிலேயே இருக்கலாம். இருந்தால் நீங்கள்தான் முதல் ஆள், மற்றவர்கள் உங்களுக்கு எடிட்டிங்கில் உதவட்டும். ஆரம்பிக்கும்போது யாருடைய சோகக் கதையையும் தேடிப் போகாதீர்கள். லிஃப்டில் தொடங்குங்கள். எந்தத் தேதியில் நின்றது, புகார் எண் என்ன, பராமரிப்பு ஒப்பந்தம் யாருடையது, ஏழாவது மாடியிலிருந்து பாட்டியை மருத்துவமனைக்கு யார் தூக்கிக்கொண்டு இறங்கினார். தெரியாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால், வராததையும் தேதியோடு நிகழ்ச்சியில் சொல்லுங்கள். பேசியவருக்கு முதலில் போட்டுக் காட்டிவிட்டு வெளியிடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள். அடுத்த மாதமும் அதே மாடிக்குப் போங்கள், லிஃப்ட் ஓடுகிறதா என்று பாருங்கள்.